சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒளிவேகத்தில் ஓடுகிறீர்கள், தெரியுமா?

நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள், இந்தக் கணத்தில் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், தெரியுமா? அச்சுப் பிசகாமல் ஒளியின் வேகம்! பூமி சூரியனைச் சுற்றுகிறதே, அந்த வேகத்தைச் சொல்லவில்லை. அது நொடிக்கு வெறும் 30 கிலோமீட்டர்தான். நீங்கள் பாய்ந்துகொண்டிருப்பது காலத்துக்குள்!

ஐன்ஸ்டைன் சிறப்புச் சார்பியல் கொள்கையை வெளியிட்டது 1905-ல். சூரிச்சில் அவருக்குக் கணிதம் கற்பித்த ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, மூன்றே ஆண்டில், கொலோன் நகரில் ஆற்றிய உரையில், வெளி வேறு காலம் வேறு என்ற எண்ணத்தையே தூக்கி எறிந்தார். இரண்டும் பிணைந்த காலவெளி ஒன்றுதான் உண்டு என்றார். சில மாதங்களில், 1909 ஜனவரியில், 44 வயதில் குடல்வால் அழற்சி அவரைக் கொண்டுபோய்விட்டது. என்ன இழப்பு! ஆனால் அவர் கொடுத்துவிட்டுப் போன காலவெளியில், நத்தையானாலும் ராக்கெட்டானாலும் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. திசையை மட்டுமே மாற்றலாம்!

அது எப்படி? வீட்டு அடித்தளத்துக்குக் கயிறு கட்டும்போது கொத்தனார் 3 அடி, 4 அடி, 5 அடி என்று அளந்து மூலை பார்ப்பாரே, அதே முக்கோணம்தான் இங்கேயும். 5 என்பது மாறாத ஒளிவேகம். வெளியில் 3 பங்கு வேகம் எடுத்தால், காலத்தில் போக மிஞ்சுவது 4 பங்கு. அதாவது ஒளிவேகத்தில் 60 சதவீத வேகத்தில் போகும் விண்கலத்தில் கடிகாரம் 80 சதவீத வேகத்தில்தான் ஓடும். பூமியில் 10 ஆண்டு கழிந்தால் கலத்தில் இருப்பவருக்கு 8 வயதுதான் கூடியிருக்கும்! அவருக்கோ எந்த மாற்றமும் தெரியாது. நாடித்துடிப்பும் கடிகாரமும் சேர்ந்தே மெதுவாகின்றனவே!

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கையை நீட்டுங்கள். நொடிக்கு ஒன்று என்ற அளவில் மியூவான் துகள்கள் அதை ஊடுருவிப் போகின்றன. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறப்பவை இவை. சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு! ஒளிவேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் தாண்ட முடியும். அப்படியானால் நம் கை வரை எப்படி வந்தன?

இதைத்தான் 1963-ல் டேவிட் ஃப்ரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 1,900 மீட்டர் உயர வாஷிங்டன் மலை உச்சியில் அவர்கள் கருவியில் மணிக்கு ஏறத்தாழ 560 மியூவான்கள் நின்றன. கடல் மட்டத்துக்கு வருவதற்குள் பெரும்பாலானவை சிதைந்து, 27-தான் மிஞ்ச வேண்டும். எண்ணிக்கையோ 400-ஐத் தாண்டியது! மியூவானின் கடிகாரம் நம்முடையதைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. இன்னொரு வியப்பும் இதில் உண்டு: மியூவானின் பார்வையில் அதன் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது, மலைதான் இருநூறு மீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிட்டது! இரண்டு கணக்கும் சரி, இரண்டுக்கும் விடை ஒன்று. எனக்கு இந்தச் சோதனையைவிட அழகான ஒன்று இயற்பியலில் இல்லை. நம் ஊட்டியிலும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி இந்த அவசரக்காரத் துகள்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது, தெரியுமா?

சரி, மனிதர்களுக்கு? ரஷ்ய விண்வெளி வீரர் கென்னடி படால்கா மொத்தம் 879 நாள் பூமியைச் சுற்றியிருக்கிறார். நம்மைவிட அவர் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு இளையவராகிவிட்டார்! அவ்வளவு வேகம்கூட வேண்டாம். நொடிக்கு 10 மீட்டருக்கும் குறைவான வேகம், அதாவது டவுன் பஸ் வேகம், அதிலேயே காலம் மெதுவாவதை 2010-ல் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகத்தில் அலுமினியம் அயனிக் கடிகாரங்களை வைத்து அளந்துவிட்டார்கள்!

இப்போது மறுகோடிக்குப் போவோம். ஜெனிவா அருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் ஆய்வகத்தின் சுரங்க வளையத்தில் புரோட்டான்கள் முழு ஆற்றலில் சுற்றும்போது, நமக்கு 2 மணி நேரம் ஆனால் அவற்றுக்கு ஏறக்குறைய 1 நொடிதான் ஆகிறது! கிட்டத்தட்ட மொத்த ஓட்டமும் வெளியின் பக்கம் திரும்பிவிட்டது. ஒளியைப் பிடிக்க அவற்றுக்கு இன்னும் எவ்வளவு வேகம் தேவை, தெரியுமா? நொடிக்கு 3 மீட்டர்கூட இல்லை. ஒருவர் மெதுவாக ஓடும் வேகம்! நிறையுள்ள எந்தப் பொருளுக்கும், உலகத்து மின்சாரம் முழுவதையும் கொட்டினாலும், அந்த இடைவெளி குறையும், குறைந்துகொண்டே போகும், ஆனால் ஒருபோதும் மூடாது!