வளர், பிரி, நில்!

செங்கற்களை அடுக்கிக்கொண்டே போனால் வீடாகிவிடுமா? எங்கே அடுக்குவது, எங்கே நிறுத்துவது என்று கொத்தனார் அறிந்திருக்க வேண்டும். நம் உடலும் அத்தகையதே. தாயின் கருவறையில் ஒற்றைச் செல்லாகத் தொடங்கிய நாம், இன்று கோடானுகோடிச் செல்களாக நிற்கிறோம். செல்லிலிருந்தே செல் தோன்றும் என்று 1855-இல் விர்ச்சோ எழுதினார்.

முதலில் செல் பருக்கிறது. அடுத்து டி.என்.ஏ. இரட்டிக்கிறது. மேலும் சிறிது வளர்ந்து, பின் இரண்டாகப் பிரிகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனிதச் செல்லுக்கு இச்சுழற்சி முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். அதில் பிரிவதற்கு ஒரு மணி நேரமே! வெங்காய வேர்நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கையில், பெரும்பாலான செல்கள் பிரியும் நிலையில் இல்லாததன் காரணமும் இதுவே. பெரும்பாலான செல்கள் பிரிவதைவிட ஆயத்தமாவதற்கே நெடுநேரம் எடுக்கின்றன.

எப்போது பிரிவது? விரலில் அரிவாள் பட்டால், இரத்தத் தட்டுகள் வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை வெளிவிடுகின்றன. அது அருகிலுள்ள செல்லின் ஏற்பியில், பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. செய்தி கைமாறி உட்கருவை அடைகிறது, செல் பிரிகிறது. காயம் ஆறியதும் செய்தி ஓய்கிறது, பிரிதலும் ஓய்கிறது. இச்சுழற்சியை உள்ளிருந்து இயக்கும் புரதங்களை ஈஸ்டிலும் கடல் முள்ளெலி முட்டையிலும் ஆராய்ந்து கண்ட ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர்.

டி.என்.ஏ. பழுதுபட்டால் ‘நில்’ என்று தடுக்கப் பி53 என்னும் புரதம் உண்டு. பழுது தீராவிடில் அது செல்லையே மாய்த்துவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இப்புரதத்துக்குரிய மரபணு கெட்டிருக்கிறது.

என் அப்பத்தாவுக்கு வாயில் புற்று வந்தபோது, ஊரார் சிலர் தண்ணீர்ச் செம்பைத் தனியே வைத்தனர். ‘ஒட்டிக்கொள்ளும்’ என்றனர், ‘முன்வினை’ என்றனர். மறுமொழி சொல்லும் படிப்பு அன்று எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை. கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான், இன்று சொல்கிறேன். அது அவருடைய சொந்தச் செல். ‘நில்’ என்னும் சொல் கேளாமற்போன செல். செம்பு வழியே அது பிறருக்குப் போகாது. டி.என்.ஏ.யைக் கெடுப்பது முன்வினையன்று. வாயில் அடக்கும் புகையிலை கெடுக்கும்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர்களே! மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் யாருக்கேனும் இருந்தால், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் குடித்த செம்பிலேயே நீங்களும் தண்ணீர் குடியுங்கள்.