உழவு இயந்திரத்தின் பற்சில்லுப் பெட்டிக்குள் நீர் புகாமற் காத்தல்

பெரும்போகத்தின் முதல் மழையோடும், சிறுபோகத்திற் குளத்து நீர் திறக்கப்பட்ட நாளோடும், ‘லாண்ட்மாஸ்டர்’ என வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கு ஓய்வில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்ட நாட்களுக்குள் உழவும் சேறடிப்பும் முடிதல் வேண்டும். அந்நாட்களில் இயந்திரம் பழுதுற்றுக் கராஜிற் கிடக்குமாயின் விதைப்புப் பிந்தும். பிந்திய பயிர் கதிர் முற்றும் காலத்தில் நீரின்றி வாடவும் நேரிடும். சொற்ப விலைக்குக் கிடைக்கும் ஒரு வாசரைக் கவனியாது விடுவதும் இத்தகைய பழுதுக்குக் காரணமாகலாம்.

நீர் புகும் விதம்

பற்சில்லுப் பெட்டியின் அடியில் எண்ணெயை வடிப்பதற்கு ஓர் அடைப்பாணி உண்டு. எண்ணெயின் மட்டத்தை அறிவதற்கு வேறோர் அடைப்பாணி பக்கத்தில் இருப்பதும் வழக்கம். சேறடிக்கும்போது பெட்டியின் அடிப்பாகம் நீரிற் படுகின்றது. இயந்திரம் ஓட ஓடப் பெட்டி சூடேறி, உள்ளிருக்கும் காற்று விரிந்து, மேலுள்ள காற்றுத்துளை வழியாக வெளியேறும். சூடான இயந்திரத்தை வயல்நீரில் நிறுத்தினாலும், உடனே வாய்க்காலில் இறக்கிக் கழுவினாலும், அக்காற்றுச் சடுதியாகச் சுருங்கி வெளியிலிருப்பதை உள்ளிழுக்கும். காற்றுத்துளை சேற்றினால் அடைபட்டிருந்தால், அடைப்பாணியைச் சுற்றியுள்ள சிறு இடைவெளியூடாக நீர் இழுக்கப்படும்.

எண்ணெய் தடித்தது, நீர் மெல்லியது. எண்ணெய் கசியாத இடைவெளியிலும் நீர் புகக்கூடும். ஆகவே எண்ணெய் சொட்டவில்லை என்பதைக் கொண்டு அடைப்புச் சரியாயுள்ளது எனக் கொள்ளல் தவறு.

புகுந்த நீர் எண்ணெயோடு கலக்கப்பட்டுப் பால்போல வெண்மையாகும். இவ்வெண்ணெய் பற்சில்லுகளுக்கிடையில் உறுதியான படலமாக நில்லாது. பெயாரிங்குகள் துருப்பிடித்துத் தேயும்.

கண்டறியும் முறை

இயந்திரத்தை இரவு முழுவதும் மட்டமான தரையில் நிறுத்தி வைக்க வேண்டும். நீர் எண்ணெயிலும் பாரமானதாகையால் அடியிற் படியும். காலையில் இயந்திரத்தை இயக்குமுன், அடி அடைப்பாணியைச் சிறிது தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்துக. நீரோ வெண்மையான எண்ணெயோ வந்தால் முழு எண்ணெயையும் மாற்றுதல் வேண்டும்.

அடைப்பாணியைப் பூட்டும் முறை

1. இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கையில் வடிக்க வேண்டும். அடைப்பாணியைச் சுற்றியுள்ள சேற்றை முதலில் துடைத்தகற்றுக. மேல் மூடியை முன்னரே திறந்து கொண்டால் எண்ணெய் தடையின்றி வடியும்.

2. அடைப்பாணியின் நுனியிற் காந்தம் இருப்பின் அதனைப் பார்க்க. மாப்போன்ற நுண்ணிய இரும்புத்தூள் வழக்கமான தேய்மானத்தைக் காட்டும். உலோகத் துண்டுகள் இருப்பின் பெட்டியைக் கராஜிற் காட்ட வேண்டும்.

3. பழைய வாசர் துவாரத்தின் வாயில் ஒட்டியிருக்கலாம், அதனை அகற்றுக. பழையதன்மேற் புதியதை இட்டால் அடைப்பு உறுதியாகாது. வாசர் படியும் இரு முகங்களையும் சுத்தமான துணியால் துடைக்க.

4. உரிய அளவுள்ள புதிய வாசரை இடுக. செம்பு வாசர் ஒருமுறை நசுங்கியபின் இறுகிவிடும். புதியது கிடையாவிடின், மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கி நீரிலிட்டு, மேற்படிந்த கரியைத் துடைத்தால் மீண்டும் மென்மையாகும். அலுமினிய வாசரை இவ்வாறு சூடாக்கலாகாது; நார் வாசரையும் மாற்றுதலே முறை. சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையம் எண்ணெயில் ஊறி இளகுமாகையால் உதவாது.

5. அடைப்பாணியை முதலிற் கையால் திருகிப் புரி நேராகப் பற்றுவதை உறுதிசெய்தபின், அளவான ஸ்பனரால் இறுக்குக. ஸ்பனருக்குக் குழாய் மாட்டி நீட்டி இறுக்குவதால் பெட்டியின் புரி அழியும். ஒரே பருமனுடைய அடைப்பாணியில் நீரைத் தடுப்பது வாசரே. புரியில் நாடா சுற்றுவது அதற்கு ஈடாகாது. நுனி ஒடுங்கிச் செல்லும், வாசரில்லாத அடைப்பாணிக்கே நாடா பொருந்தும்.

6. இயந்திரத்துடன் வந்த கைந்நூலிற் குறிக்கப்பட்ட எண்ணெயை, மட்டத்துவாரத்தின் விளிம்புவரை ஊற்றி, அதன் அடைப்பாணியையும் வாசருடன் பூட்டுக. காற்றுத்துளையைச் சுத்தஞ் செய்ய மறவாதீர்கள்.

சுழற்கலப்பை பூட்டிய இயந்திரங்களில் அதன் பக்கப் பெட்டி இன்னும் ஆழமாகச் சேற்றில் அமிழும். அதற்குத் தனி அடைப்பாணி இருப்பின் இம்முறையையே கைக்கொள்ளுதல் வேண்டும்.

பின்னர் கவனிக்க வேண்டியவை

முதல்நாட் சேற்றுவேலை முடிந்த மறுநாட் காலை மீண்டும் போத்தற் சோதனை செய்க. புதிய வாசர் இட்டும் எண்ணெய் வெளுக்குமாயின், சில்லு அச்சிலுள்ள ‘ஒயில் சீல்’ தேய்ந்திருக்கலாம். அதனைத் தாமதியாது மாற்றுவிக்க வேண்டும். வேலை முடிந்ததும் இயந்திரத்தை ஆறவிட்ட பின்னரே கழுவுதல் நன்று.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ தோட்டத்திலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே சிந்துவது வெடிப்புக்களூடாகக் கிணற்று நீரை எளிதில் அடையும். மரக்கறித் தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டார் அருந்துவதும் அந்நீரே. மூடியுள்ள கலத்திற் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் இடத்திற் கொடுத்துவிடுக.

இச்சோதனைக்கு ஒரு காலைப்பொழுது போதும். குளம் திறக்கப்படுவதற்கு முன்னரே இதனை முடித்து, அளவான இரண்டு வாசர்களைக் கருவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளும் கமக்காரர், உழவுக் காலத்தில் இக்குறையால் வேலை தடைப்படாமற் காத்துக்கொள்வர்.