கட்டத்தில் அமரும் எழுத்து: குறைந்த நுணுக்கத் திரையில் தமிழ் எழுத்துரு

ஆரணிப் பட்டுச் சேலையின் கரையில் வளைந்தோடும் கொடி, ஜக்கார்டு தறியேறுமுன் கட்டத்தாளில் வரையப்படுகிறது. ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். அங்குப் பாவிழை எழும், அல்லது தாழும், இடைநிலை இல்லை. ஒவ்வொரு கொக்கியும் தனியிழையை ஆளுமாயின், 240 கொக்கிகள் உள்ள பெட்டியில் ஓர் உருவம் 240 கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே வரைபவர் ஓவியத்தை அப்படியே படியெடுப்பதில்லை. தண்டு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் அறுந்தும் தோன்றாதவாறு கட்டங்களைத் தள்ளிவைக்கிறார்.

கணினித் திரையில் எழுத்து எதிர்கொள்வதும் இதே சிக்கலே. 1991இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ட்ரூடைப் முறையில் எழுத்தின் புறக்கோடு வளைவுச் சமன்பாடுகளாகச் சேமிக்கப்படுகிறது, எவ்வளவும் பெரிதாக்கலாம். சிறிதாக்கும்போதுதான் இடர். கோட்டின் விளிம்பு இரு பிக்சல்களுக்கு நடுவே விழுந்தால் ஒருகால் தடித்து மறுகால் மெலியும். அவ்விளிம்பை அருகிலுள்ள கட்டத்துக்கு நகர்த்த எழுத்துருவினுள்ளேயே எழுதப்படும் கட்டளைகளே ‘ஹிண்டிங்’.

உரோமன் எழுத்துக்கு அடிக்கோடு, சிற்றெழுத்தின் உயரம், நிமிர்ந்த தண்டு ஆகியவற்றை இணக்கினால் பெரும்பகுதி முடிந்துவிடும். தமிழுக்கு அது போதாது. ஒரு சுழி சுழியாகத் தெரிய இரு கருங்கட்டங்களும் இடையே ஒரு வெண்கட்டமும் வேண்டும். அடுத்தடுத்த சுழிகள் கோட்டைப் பகிர்ந்துகொண்டாலும் இரண்டு சுழி னகரத்துக்கு 5 கட்டங்கள், மூன்று சுழி ணகரத்துக்கு 7. ஒரு வெண்கட்டம் அடைபட்டால் ‘பணி’ ‘பனி’யாகும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையிலான வெண்வரிசை அடைபட்டால் மெய், உயிர்மெய்யாக வாசிக்கப்படும். ரகரத்தின் கீழ்க்கோடு தேய்ந்தால் அது கால் குறியாகிவிடும்.

இம்மயக்கங்கள் தமிழுக்குப் புதியன அல்ல. ஏட்டுச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை; ரகரமும் காலும் ஒரே வடிவில் நின்றன. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் யாப்பையும் பொருளையும் கொண்டு பிரித்தறிந்தனர். திரையில் வரும் பெயர்ப்பட்டியலை வாசிப்பவருக்கு உதவ யாப்பு இல்லை.

மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்த கிளியர்டைப், ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே பயன்படுத்துகிறது. அக்கூறுகள் கிடைமட்டமாக அடுக்கப்பட்டிருப்பதால் ணகரத்தின் சுழிகளுக்கு அது கைகொடுத்தது; எழுத்துக்கு மேலே நிற்கும் புள்ளிக்கு ஒன்றும் செய்யவில்லை. புள்ளி தெளிவதற்கு வேண்டியது செங்குத்துத் திசையில் ஓர் இடைவெளி. ஆகவே தமிழ் எழுத்துருவில் முதலில் காக்கப்பட வேண்டியது வளைவின் வனப்பன்று, புள்ளிக்குக் கீழுள்ள அந்த வெண்வரிசை. அதற்காக எழுத்தின் உடலை ஒரு வரிசை குறுக்க நேர்ந்தாலும் தகும்.

இன்றைய கைப்பேசித் திரைகளில் பிக்சல்கள் மிக நெருங்கியிருப்பதால் இக்குறை கண்ணுக்குப் படுவதில்லை. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் காட்டும் எல்இடி பலகையில் அது அப்படியே இருக்கிறது. அங்கு ஒரு கட்டம் ஒரு விளக்கு. ஒற்றை நிறப் பலகையில் துணைக்கூறும் இல்லை. ஆரணிக் கட்டத்தாளைப் போலவே, கட்டம் கட்டமாகக் கையால் வரைந்த எழுத்தே அங்குத் தெளிவாக நிற்கும்.