ஆபரேஷன் யாருக்கு? கணவனுக்கா, மனைவிக்கா?



பெற்ற குழந்தைகள் போதும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்தது, நிரந்தரக் கருத்தடை ஆபரேஷனைச் செய்துகொள்வது யார்? நம் கிராமங்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. "அதெல்லாம் ஊட்டுக்காரிதானுங்க பண்ணிக்கோணும்" என்று கணவர் முடித்துவிடுகிறார். "அவிய தோட்டத்து வேலைக்குப் போறவிய, அவியளுக்கு வேண்டாமுங்க" என்று மனைவியும் சொல்லிவிடுகிறார். காந்திபுரத்தில் பஸ் மாறிப் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது கைக்குழந்தையைச் சுமப்பவரும் மனைவி, கட்டிலில் படுப்பவரும் மனைவி.

2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதுள்ள மணமான பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 58 பேர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பமோ ஆயிரத்தில் ஒன்று.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971 ஜூலையில் பக்கத்துக் கேரளத்தில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் ஏறத்தாழ 63,000 ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றாலே ஆண்கள் செய்துகொள்வது என்றுதான் இருந்தது. பிறகு அவசரநிலை வந்தது. 1976-77இல் நாடு முழுவதும் சுமார் 82 லட்சம் பேருக்கு ஆபரேஷன் நடந்தது. அதில் 62 லட்சம் பேர் ஆண்கள். இலக்கு வைத்தார்கள், பல மாநிலங்களில் மிரட்டியும் பிடித்தும் செய்தார்கள். மக்கள் வெறுத்துப்போனார்கள். மறு ஆண்டில் ஆண்கள் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. தவறு வற்புறுத்தலில் இருந்ததே தவிர அறுவையில் இல்லை. ஆனால் அந்தப் பயத்தின் சுமை பெண்கள் தலையில் விழுந்தது, இன்றுவரை இறங்கவில்லை.

இரண்டு அறுவைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணின் கருக்குழாய் வயிற்றுக்குள்ளே இருக்கிறது. ஆகவே வயிற்றைத் திறந்துதான் அதைக் கட்ட முடியும். லேப்ராஸ்கோப் முறையில் துளை சிறிதாக இருக்கலாம், ஆனாலும் கருவி வயிற்றுக்குள் போகத்தான் வேண்டும். ஆணின் விந்துக்குழாயோ விரைப்பையின் தோலுக்கு அடியிலேயே, விரலால் தொட்டு உணரும்படி இருக்கிறது. 1974இல் சீனாவில் உருவான கத்தியில்லா முறையில், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளையிட்டுக் குழாயைக் கட்டிவிடுவார்கள். தையல் கிடையாது. பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்து, அன்றே வீட்டுக்குப் போகலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. 2007இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தில் ஊக்கத்தொகை ஆணுக்கு ரூ.1,100, ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கும் பட்டியலின, பழங்குடிப் பெண்ணுக்கும் ரூ.600. இப்போது உள்ள தொகையைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையான செலவு வேறு. ஆணுக்கு இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரம் சைக்கிள் மிதிப்பதும் மூட்டை தூக்குவதும் கூடாது. பெண்ணுக்கோ ஒன்றிரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. மாட்டுக்குத் தட்டு சுமப்பதும் தண்ணிக்குடம் எடுப்பதும் யார்? ஓய்வு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் நாலாம் நாளே குடத்தைத் தூக்கிவிடுகிற தாய்மார்கள் உண்டு.

தகுந்த இடத்தில் முறையாகச் செய்தால் பெண்களின் அறுவையும் பாதுகாப்பானதே. அவசரத்தில் செய்தால்தான் ஆபத்து. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். சிசேரியனுக்காக வயிற்றைத் திறந்திருக்கும்போதே கருக்குழாயையும் கட்டிக்கொள்ள மனைவி விரும்பினால், அது நியாயமான முடிவே. தனியாக ஒரு வெட்டு மிச்சம். ஆனால் அதைப் பிரசவ வலியின்போது கேட்கக் கூடாது. முன்கூட்டியே, நிதானமாக, அவர் வாயால் சொல்ல வேண்டும். சுகப்பிரசவம் ஆன வீட்டில் கணவர் செய்துகொள்வதே எளிது.

"ஆம்பளைத்தனம் போயிருமுங்களா? தெம்பு கொறஞ்சிருமுங்களா?" என்று ஆண்கள் தனியாக வந்து கேட்பதுண்டு. போகாது. ஆண்மைக்குரிய சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. கட்டிய குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறவிலும் மாற்றமில்லை, விந்தின் அளவும் பார்வைக்குக் குறைவதில்லை. உயிரணு மட்டும் வராது. ஆனால் ஒன்று: பிறகு மனம் மாறினால் குழாயை மீண்டும் இணைப்பது கடினம், பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே சந்தேகம் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் இப்போது செய்துகொள்ள வேண்டாம். காப்பர்-டி போன்ற தற்காலிக முறைகள் இருக்கின்றன.

பலன் எப்படி? பெண்களின் அறுவைக்குப் பின் முதல் ஆண்டில் 1000 பேரில் சுமார் 5 பேர் கருத்தரிக்கிறார்கள். ஆண்களின் அறுவையில், பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினால் 1000-க்கு 2தான். பரிசோதிக்காமல் விட்டாலோ 1000-க்கு 20, 30 என்று ஏறிவிடுகிறது. "ஆபரேஷன் பண்ணியும் உண்டாயிருச்சே" என்று மனைவியைச் சந்தேகிக்கும் வீட்டுச் சண்டைகள் பலவற்றுக்குக் காரணம் இந்த விட்டுப்போன பரிசோதனைதான். மனைவிமேல் ஒரு குற்றமும் இல்லை. முன்பே குழாயில் தங்கிய உயிரணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை அணிய வேண்டும். மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போய் விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று எழுதிய சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது வரும்வரை ஆணுறையை விடக் கூடாது.