உடைந்த லேசரும் ஊர் தாண்டிய நம்பிக்கையும்

பழுதான லேசர் பாயிண்டர் ஒன்று 1995-இல் இணைய ஏலத்தில் 14.83 டாலருக்கு விலைபோனது. விற்றவர் பியர் ஒமிட்யார். பாரிசில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் தொடங்கிய அந்த ஏலத்தளமே பின்னாளில் ஈபே ஆனது. முகம் தெரியாதவருக்கு எந்தத் தைரியத்தில் பணம் அனுப்புவது? இதற்கு விடையாக, வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாரும் பார்க்க எழுதிவைக்கும் முறையை 1996-இல் கொண்டுவந்தார். இன்று ஆட்டோவுக்கும் ஓட்டலுக்கும் நட்சத்திரம் போடுகிறோமே, அதற்கு இதுவே முன்னோடி. என்னைக் கேட்டால், ஏலத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. ஈபேயால் செல்வம் சேர்த்தவர், 2004-இல் மனைவி பாமுடன் ஒமிட்யார் நெட்வொர்க் என்ற கொடை அமைப்பைத் தொடங்கினார். இணையத்தில் சேர்ந்த அந்தச் செல்வம், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களை மக்களுக்குப் பதில் சொல்லவைக்கும் முயற்சிகளுக்கும் போகிறது.