மூன்றாவது கேள்விக்கு யார் பதில் சொல்வது?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் ஒருவர் பூக்கடை நடத்துகிறார். டிசம்பர் 1ஆம் தேதி, மூன்று மாத வாடகை 4,500 ரிங்கிட்டை மொத்தமாகக் கட்டிவிடுகிறார். அவருடைய கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அப்படியானால் இந்த ஆண்டுச் செலவில் வாடகை எவ்வளவு?

1,500 ரிங்கிட். மீதி 3,000 அடுத்த ஆண்டுக்கு உரியது. அது செலவில் சேராது. கடைக்காரரின் சொத்தாகக் கணக்கில் நிற்கும். கடை வைத்திருக்கும் எவரும் யோசிக்காமலே சொல்லிவிடுவார். கணக்கியல் டிப்ளோமா முதல் செமஸ்டர் தேர்வில் இதை நான் மூன்றாவது கேள்வியாக வைத்தபோது, வகுப்பில் பாதிக்கு மேல் 4,500 என்று எழுதியிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் பாஸ். பேரேட்டில் பதிவது, கூட்டிச் சரிபார்ப்பது போன்ற பழகிய கேள்விகளில் அள்ளிய மார்க், இந்த ஓட்டையை மூடிவிட்டது. வீட்டுக்குப் போன ரிசல்ட்டில் ஓட்டை தெரியவில்லை. 'பாயிண்டர் எவ்வளவு?' என்று கேட்ட அப்பா அம்மாவுக்கு 3.0 என்று பதில் கிடைத்தது, திருப்தி.

நான் குடியிருப்பது பத்துமலையில். டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பின் கல்வி யாத்திரை இங்கேதான் நடக்கிறது. எஸ்.பி.எம். எழுதப் போகும் பிள்ளைகளோடு பெற்றோரும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். ஒரு தேர்வுக்காகச் சமூகமே திரண்டு நிற்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை கல்லூரி வாசலைத் தாண்டியதும் அந்த அக்கறை எங்கோ கழன்று போய்விடுகிறது. ஃபீஸ் கட்டியாயிற்று, பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் கிடைத்தாயிற்று, இனி பட்டமளிப்பு விழாவுக்குப் புடவை எடுத்தால் போதும் என்கிற மாதிரி.

உள்ளே என்ன படிக்கிறார்கள் என்று கேட்பதற்குச் சட்டப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. 2007 நவம்பரில் செயல்படத் தொடங்கிய மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம். நம் வாயில் எம்.க்யூ.ஏ. அதற்கு முன் தனியார் கல்லூரிகளை 'லான்' என்ற தேசிய அங்கீகார வாரியம் பார்த்துக்கொண்டது. எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடன் கிடையாது என்பதால் அந்த மூன்று எழுத்து எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். அந்த அங்கீகாரத்துக்கு என்ன பார்க்கிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 2017இல் வந்த விதிநூலில் ஏழு பகுதிகள். இரண்டாவது, மாணவர் கற்றலை மதிப்பிடுவது. ஏழாவது, அந்த மதிப்பீட்டை வைத்துப் படிப்பைத் தொடர்ந்து சீர்படுத்துவது. மாணவனுக்கு மார்க் போடுவது மட்டும் போதாது, அந்த மார்க்கைக் கொண்டு நீங்கள் கற்பித்த லட்சணத்தையும் பாருங்கள் என்பதே இதற்குப் பொருள்.

இதற்காக ஒவ்வொரு பாடத்துக்கும் 'சி.எல்.ஓ.' எழுதுகிறோம். பாடம் முடியும்போது மாணவனால் என்ன செய்ய முடியும் என்கிற வாக்கியங்கள் அவை. 'புரிந்துகொள்வான்' என்று எழுதக் கூடாது. புரிந்ததை எப்படி அளப்பது? 'கணக்கிடுவான்', 'வேறுபடுத்துவான்', 'சரிக்கட்டுவான்' என்று, கண்ணால் பார்த்து மார்க் போடக்கூடிய வினைச்சொல்லாக இருக்க வேண்டும். பெஞ்சமின் ப்ளூமும் அவரது கூட்டாளிகளும் 1956இல் வெளியிட்ட படிநிலைதான் இதற்கெல்லாம் தாய். அந்த ப்ளூம் அடுத்த ஆண்டே இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பட்டறைகள் நடத்தினார். ஆக, இது நேற்று முளைத்த சங்கதி அல்ல.

பிறகு ஒவ்வொரு தேர்வுக் கேள்வியையும் ஒரு சி.எல்.ஓ.வோடு கோத்துவிடுவோம். மார்க்கை எக்செல்லில் போட்டால் மாணவனுக்கு ஒரு வரிசை, கேள்விக்கு ஒரு பத்தி. குறுக்கே படித்தால் யார் பாஸ், யார் ஃபெயில் என்பது தெரியும். செங்குத்தாகப் படித்தால், நாங்கள் எதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது தெரியும். செங்குத்தாகப் படிப்பவர்கள் குறைவு.

பூக்கடைக் கேள்வியில் சறுக்கிய ஒரு பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மிஸ், கேள்வியில எங்கயும் 'ப்ரீபெய்ட்'னு போடலயே?" என்றான். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. 'முன்கூட்டிக் கட்டிய வாடகை 3,000' என்று தாளிலேயே அச்சடித்துக் கொடுத்தால், மனப்பாடம் செய்த படிவத்தில் அதை உரிய இடத்தில் போட்டுவிடுவான். பெயர் சொல்லாமல் சம்பவத்தை மட்டும் சொன்னால் அடையாளம் தெரியவில்லை. ஆபீசில் எந்த ரசீதும் தன் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வராது. பயிற்சித் தாள்களில் எல்லாம் பெயரோடு கொடுத்துப் பழக்கியிருந்தோம். படிவத்தைத்தான் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். அதில் வகுப்பறையில் கழிவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியை மாணவன் தானே உட்கார்ந்து படிப்பதாக ஏட்டில் கணக்கு. அந்தப் பையன் மிட் வேலியில் ஒரு துணிக்கடையில் இரவு பத்து மணி வரை நிற்கிறான். அதற்குப் பிறகு கோமுட்டர் பிடித்துக் கிள்ளானுக்குப் போக வேண்டும். ஏட்டில் இருக்கும் அந்த 80 மணி நேரத்தை அவன் எங்கிருந்து கொண்டுவருவான்? பாடத்திட்டம் போட்டவர்கள் மனத்தில் பகுதி நேர வேலை பார்க்காத ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். என் வகுப்பில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதையெல்லாம் செமஸ்டர் முடிவில் 'சி.க்யூ.ஐ.' என்ற தொடர் தர மேம்பாட்டு அறிக்கையில் எழுதிக் கொடுப்போம். அறிக்கை கோப்புக்குள் போகும். கோப்பு அலமாரிக்குள் போகும். தணிக்கைக் குழு வரும் வாரம் அலமாரி திறக்கும். திட்டமிடல் என்பது வேறு மாடியில், வேறு ஆட்களால், வேறு எண்களை வைத்து நடக்கும்: அடுத்த ஐந்தாண்டில் எத்தனை மாணவர் சேர்க்கை, எத்தனை புதிய படிப்பு.

நாட்டின் பெருந்திட்டத்திலும் இதே சாயல்தான். 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம், 2025க்குள் உயர்கல்விச் சேர்க்கையை 36 விழுக்காட்டிலிருந்து 53க்கும், பட்டதாரிகள் வேலை பெறும் விகிதத்தை 75இலிருந்து 80க்கு மேலும் உயர்த்த இலக்கு வைத்தது. உள்ளே வரும் தலை, வெளியே போகும் தலை இரண்டையும் எண்ணிவிடலாம். இடையில் நடப்பதை அளக்கத்தான் அதே காலத்தில் 'ஐ-சி.ஜி.பி.ஏ.' கொண்டுவந்தார்கள். அறிவு, பேச்சு, குழுவேலை, தலைமைப் பண்பு என்று பிரித்துச் சிலந்திவலை வரைபடமாகக் காட்டும் முறை. நல்ல எண்ணம்தான். ஆனால் தலைமைப் பண்புக்குத் தசமப் புள்ளியில் மார்க் போட்டபோது எனக்குக் கை கூசியது. பூக்கடை வாடகையே பிடிபடாத இடத்தில் சிலந்திவலை என்ன சொல்லும்?

கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டக் கூட்டத்துக்கு நான் கோப்பு எடுத்துப் போகவில்லை. ஒரே தாள். மூன்றாவது கேள்வியின் மார்க் பத்தி, பக்கத்தில் வகுப்பு அட்டவணை, கீழே மாணவர்கள் வேலைக்குப் போகும் நேரம். கேட்டது இரண்டு: பிற்பகல் ஷிப்டு தொடங்குமுன் காலையில் ஒரு டியூட்டோரியல், அதை நடத்த ஒரு பகுதி நேர ஆசிரியரின் சம்பளம். "மார்க்கெட்டிங்குக்கு ஒதுக்கினதுல கைவைக்கச் சொல்றீங்களா?" என்று ஒருவர் சிரித்தார். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன் என்றேன். டியூட்டோரியல் கிடைத்தது, ஆசிரியர் சம்பளத்துக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள்.

ஓப்பன் டேக்கு வரும் பெற்றோரிடமும் இப்போது சொல்கிறேன். அங்கீகாரம் இருக்கிறதா என்பதை எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு எங்கள் வாய் வேண்டாம். எங்களிடம் கேட்க வேண்டியது வேறு: போன ஆண்டு பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறினார்கள், அதனால் இந்த ஆண்டு எதை மாற்றினீர்கள்?

டியூட்டோரியலில் முதல் நான்கு வாரம் படிவமே கிடையாது. மின்சார பில், காப்புறுதி ரசீது, கடை வாடகைச் சீட்டு என்று வீட்டில் கிடைப்பதைக் கொண்டுவரச் சொல்லி, எது எந்த ஆண்டின் செலவு என்று பேச வைத்தேன். இந்த முறை தேர்வில் கிள்ளான் தையல்கடையின் ஓராண்டுக் காப்புறுதியைக் கேட்டேன்; பெரும்பாலோர் சரியாகப் பிரித்துவிட்டார்கள். ஐந்தாவது கேள்வியில், தையல் இயந்திரத்தின் தேய்மானத்தில், விழுந்திருக்கிறார்கள். அந்தப் பத்தியைத் தனித் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்துக்கு.