நடந்தும் மெலியாத உடல்

பஜ்ருத் தொழுகை முடிந்து வானம் வெளுக்கும் வேளையில், வில்லியனூர் சுல்தான்பேட்டைத் தெருக்களிலும் பாகூர் ஏரிக்கரையிலும் வேகநடை போடுவோரை இன்று காண்கிறோம். மருத்துவர் சொன்னதற்காக நடப்பவர்களே அவர்களுள் மிகுதி. பெண்களும் துணிந்து வெளியே வந்து நடப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், இரண்டு மூன்று மாதங்களில் பலர் நின்றுவிடுகின்றனர். "இவ்வளவு நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லையே, நமக்கு வாய்த்த உடம்பு இதுதான்" என்று சலித்துக்கொள்கின்றனர்.

கூட்டுக் குடும்பத்தில் வாழும் ஓரகத்திகள் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒரே உலையில் வெந்த சோறு, ஒரே பாதையில் நடை. ஒருவருக்கு இடை சுருங்குகிறது. மற்றவரோ இருந்தபடியே இருக்கிறார். உடனே வீட்டில் பேச்சு எழுகிறது: "அவள் ஒளித்துவைத்துத் தின்கிறாள்." இந்தப் பழிச்சொல் எத்துணை அநீதியானது!

கனடா நாட்டு அறிஞர் குளோட் பூஷார், உருவிலும் மரபணுவிலும் ஒத்த இரட்டையர்களான இளைஞர்கள் 7 இணையரைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொருவருக்கும் உணவை ஒரே அளவில் நிலைநிறுத்தி, 93 நாள்கள் நிலையான மிதிவண்டியை மிதிக்கச் செய்தார். உழைப்பால் ஒவ்வொருவரும் கூடுதலாகச் செலவிட்ட ஆற்றலும் ஒரே அளவே. 1994இல் வெளியான முடிவின்படி, சராசரியாக 5 கிலோ எடை குறைந்திருந்தது. ஆயினும் ஒருவருக்குக் குறைந்தது 1 கிலோ. இன்னொருவருக்கோ 8 கிலோ! வியப்பு யாதெனில், உடன்பிறந்த இரட்டையர் இருவரிடையே இழப்பு பெரிதும் ஒத்திருந்தது. ஒளித்துத் தின்ன வழியே இல்லாத இடத்தில்கூட உடல்கள் இப்படி வேறுபட்டன. ஓரகத்திகளோ இரத்த உறவில்லாத இரு வேறு குடும்பங்களிலிருந்து ஒரு வீட்டிற்கு வந்தவர்கள்.

அதே அறிஞரின் தலைமையில் 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பல குடும்பங்களை 20 வாரம் பயிற்சி செய்யவைத்தனர். மூச்சுக்காற்றைப் பயன்படுத்தும் ஆற்றல் வளர்ந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறியது. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி குடும்ப வழியே வந்தது எனக் கணித்தனர். உடற்கொழுப்போ சராசரியாக 1 கிலோவுக்கும் குறைவாகவே கரைந்தது. நடைப்பயிற்சி மட்டுமே எடையை மளமளவென்று இறக்கிவிடும் என்ற நம்பிக்கையை இது பெரிதும் தளர்த்துகிறது.

நம் நாட்டவரின் உடலமைப்பு இன்னும் தனித்தன்மை உடையது. புனே நகர மருத்துவர் யாஜ்னிக், தம் ஆங்கிலேய நண்பர் யுட்கினோடு தம்மையே ஒப்பிட்டு 2004இல் எழுதினார். இருவருக்கும் உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு 22.3 தான். ஆனால் கொழுப்பு, நண்பரின் உடலில் 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்திற்குள் மறைந்த கொழுப்பு! இதற்கு மரபணு மட்டுமே காரணமன்று. தாயின் கருவறையில் கிடைத்த ஊட்டமும் பொறுப்பாகும் என்பது அவர் கருத்து.

அப்படியானால் நடந்து பயனில்லையா? சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை அவர்கள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறு வழிகாட்டப்பட்ட பிரிவில் அந்தத் தொகை 39. இந்தப் பிரிவினரின் எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! உழைக்கும் தசை, இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே ஈர்த்துக்கொள்கிறது. அந்த வேலைக்குத் தராசின் முள் இறங்கவேண்டியதில்லை. மேற்சொன்ன பழிச்சொல்லைக் கேட்டு ஒரு சகோதரி நடையை நிறுத்திவிட்டால், அவர் இழப்பது இந்தக் காவலை. 2023இல் வெளியான அனைத்திந்திய ஆய்வு, புதுச்சேரியில் பெரியவர்களுள் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உள்ளதெனக் காட்டிற்று. கோவாவை அடுத்து நாட்டிலேயே இதுதான் மிகுதி.

"எல்லாம் பரம்பரை" என்று சாய்ந்து அமர்ந்துவிடவும் இடமில்லை. உடற்பருமனோடு தொடர்புடைய எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவைப் பற்றி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி 2011இல் ஆராய்ந்தனர். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதன் தாக்கம் ஏறத்தாழ 30 விழுக்காடு தணிந்திருந்தது.

நடக்கும் சகோதரிகளுக்கு எடை எந்திரத்தைவிடத் தையற்பெட்டியில் கிடக்கும் அளவுநாடா மேலான துணை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் அளக்கவேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.யும், ஆண்களுக்கு 90 செ.மீ.யும் எல்லை. மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நாள்தோறும் அளந்து மனம் நோகவேண்டாம்.